கச்சேரித் தெருவில் மீண்டும் கச்சேரி

எங்கள் ஊர் நகராட்சி என்னைக் கலையரங்கக் குழுவில் சேர்த்துக்கொண்டபோது, எந்தத் தகுதியில் என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. நான் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதிக் காலம் தள்ளுகிறவன். பாட வராது, ஆட வராது. நாடக அனுபவம் என்று பார்த்தால், பள்ளிக்கூடத்தில் ஒருமுறை மரமாக நின்றிருக்கிறேன். அதிலும் பாதியில் தும்மிவிட்டேன். ஆணையரிடமே போய்க் கேட்டேன். அவர் ஒளிவுமறைவு இல்லாத மனிதர். "நீங்க அந்தத் தெருவுலயே குடியிருக்கீங்க. கூட்டத்துக்குக் கூப்பிட்டா வண்டி அனுப்ப வேண்டியதில்ல" என்றார்.

அந்தத் தெருவுக்குக் கச்சேரித் தெரு என்று பெயர். வெளியூர்க்காரர்கள் இந்தப் பெயரைக் கேட்டால், ஏதோ சங்கீத வித்வான்கள் வரிசையாகக் குடியிருந்த தெரு என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி யாரும் இருந்ததில்லை. எங்கள் பக்கத்தில் தாலுகா அலுவலகத்துக்குப் பெயர் கச்சேரி. பட்டா மாற்ற, சாதிச் சான்றிதழ் வாங்க, வரி கட்ட, வரி கட்ட முடியாது என்று சொல்ல, எல்லாவற்றுக்கும் 'கச்சேரிக்குப் போய்ட்டு வர்றேன்' என்றுதான் சொல்வார்கள். ஓடு வேய்ந்த அந்தக் கச்சேரி என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தது. அதை ஒட்டிப் பேருந்து நிலையம். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் பேருந்துகளும் திருப்பத்தூர்ப் பேருந்துகளும் அங்கேதான் வந்து நிற்கும். தெருக்கோடியில் புளி மண்டிகள், திங்கட்கிழமை தோறும் சந்தை. மனு எழுதுகிறவர்கள் மரத்தடியில் மேசை போட்டிருப்பார்கள். என்னைவிட வேகமாக எழுதுவார்கள், என்னைவிட அதிகம் பேர் அவர்கள் எழுதியதைப் படித்தார்கள்.

பிறகு கச்சேரி பைபாஸ் சாலையில் புதிய கட்டடத்துக்குப் போயிற்று. கச்சேரி போனதும் பேருந்து நிலையமும் அதன் பின்னாலேயே போய்விட்டது. மனு எழுதுகிறவர்கள் மேசையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மண்டிகளும் சந்தையும் மட்டும் நகராமல் நின்றன. கடைகள் ஒவ்வொன்றாக மூடின. கொஞ்ச காலத்தில் எங்கள் தெரு ஷட்டர்கள் திறக்கப்பட்டதைவிட அவற்றின்மேல் விளம்பரம் எழுதப்பட்டதே அதிகம் என்றாகிவிட்டது.

இந்த நிலையில்தான் பழைய கச்சேரியை இடித்துவிட்டு அதே இடத்தில் நகராட்சி சொந்தமாக ஒரு கலையரங்கம் கட்டியது. கடைவீதிக்குப் புத்துயிர் ஊட்டும் திட்டம் என்று கல்வெட்டில் இருக்கிறது. நல்ல கட்டடம்தான். சிவப்பு மெத்தை வைத்த நாற்காலிகள். மேடையில் மோட்டார் வைத்த திரை. அது எப்போதும் இடது பக்கம் முதலில் திறக்கும், வலது பக்கம் யோசித்துவிட்டுத் திறக்கும். நாட்டியமும் நாடகமும் நடந்தால் ஜனம் வரும், ஜனம் வந்தால் கடை திறக்கும் என்பது கணக்கு. கணக்கில் தப்பில்லை. ஜனம் மட்டும் வரவில்லை.

திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் சிறப்பு விருந்தினரோடு வந்து சிறப்பு விருந்தினரோடு போனார்கள். அடுத்து பள்ளிப் பிள்ளைகளின் நாட்டிய விழா. அரங்கம் நிறைந்துதான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு குடும்பமும் தங்கள் பிள்ளை ஆடி முடித்ததும் எழுந்து போயிற்று. கடைசியாக ஆடிய சிறுமியைப் பார்க்க அவளுடைய அம்மாவும் நானும்தான் இருந்தோம். குழு உறுப்பினர் என்பதால் என்னால் எழுந்து போக முடியவில்லை. வந்தவர்கள் எல்லாரும் தண்ணீரும் தின்பண்டமும் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார்கள். எதிரே இருக்கும் மெஸ்ஸில் யாரும் ஒரு டீகூடக் குடிக்கவில்லை.

அந்த மெஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெருவில் மூடாமல் எஞ்சிய சாப்பாட்டுக் கடை அது ஒன்றுதான். நடத்துகிறவரை ஊரே இட்லி அக்கா என்று கூப்பிடும். என் வயதுதான் இருக்கும். ஆனாலும் நானும் அக்கா என்றே கூப்பிடுகிறேன். வடகறி ஊற்றுகிறவரிடம் மரியாதை குறையக் கூடாது. அவருக்குப் பைபாஸில் ஒரு கடை வாடகைக்கு வந்திருந்தது. பேருந்து நிலையத்துக்கு நேர் எதிரே. ஆடி முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஆவணி முதல் தேதி வேறு ஆளுக்கு என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். பெற்ற பிள்ளைகளை ஆளாக்கிய கச்சேரித் தெருக் கடையை விட்டுப் போக அக்காவுக்கு மனமில்லை. அதே சமயம், இட்லி ஊற்றி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கவும் அவரால் ஆகவில்லை.

"இன்னா சார், உங்க அரங்கத்துல அடுத்தது இன்னா?" என்று ஒரு நாள் கேட்டார். 'உங்க' என்பதில் அழுத்தம் இருந்தது. அடுத்த நிகழ்ச்சிக்கு இன்னும் தேதி முடிவாகவில்லை என்றேன்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கறேன். அதுக்கும் ஜனம் வரலன்னா கிரைண்டர் கல்ல தூக்கிக்கினு பைபாஸுக்குப் போய்ட்றேன். அப்புறம் நீங்க அரங்கத்துல குந்திக்கினு உப்புமா துன்னுங்க."

இதை நான் குழுக் கூட்டத்தில் அப்படியே சொல்லவில்லை. கலை மக்களைச் சென்றடைய வேண்டும் என்று சொன்னேன். ஆணையர் புரிந்துகொண்டார்; அவரும் காலைப் பலகாரம் அங்கேதான். மலை ஜனங்கள் சந்தைக்கு வரும் திங்கட்கிழமையில் நிகழ்ச்சி வைக்கலாம், அவர்கள் திரும்பிப் போகப் பேருந்து வேண்டும் என்பதால் காலையிலேயே வைக்கலாம் என்று யோசனை சொன்னார். வேலூரிலிருந்து ஒரு பாடகியை ஏற்பாடு செய்தார்கள். பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மலைக் கிராமங்களில் ஜீப்பில் மைக் கட்டி அறிவிப்பது என்றும் முடிவாயிற்று.

அறிவிப்பு வாசகத்தைச் சரிபார்க்க என்னிடம் கொடுத்தார்கள். 'மாபெரும் இன்னிசை நிகழ்ச்சி' என்று இருந்தது. பாடுகிறவர் ஒருவர், வயலின் ஒன்று, மிருதங்கம் ஒன்று. ஆகவே 'மாபெரும்' என்பதை அடித்தேன். இன்னிசையா இல்லையா என்பதைக் கேட்டவர்கள்தான் சொல்ல வேண்டும், அதையும் அடித்தேன். அழகாக, சுருக்கமாக, நானே எழுதினேன்: 'வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, கச்சேரித் தெருவில் மீண்டும் கச்சேரி. அனைவரும் வருக. அனுமதி இலவசம்.' எத்தனையோ கட்டுரை எழுதியிருக்கிறேன். எதையும் இப்படித் திரும்பத் திரும்பப் படித்து ரசித்ததில்லை. அதிலும் அந்த 'மீண்டும்' இருக்கிறதே, அரங்கம் சில வாரம் பூட்டிக் கிடந்து மறுபடி திறக்கிறது என்பதை ஒரே சொல்லில் அடக்கிவிட்டதாக எனக்குப் பெருமை.

திங்கட்கிழமை காலையில் இட்லி சாப்பிடப் போனேன். இட்லி இல்லை. அக்கா அடுப்புக்கும் வாசலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். தெரு முழுக்க மலை ஜனங்கள். ஆண்களும் பெண்களுமாக, கையில் துணிப்பையோடு, சிலர் கக்கத்தில் பிளாஸ்டிக் கவரோடு. அரங்கத்தின் கதவு திறக்கும் முன்பே வரிசை நின்றிருந்தது. சங்கீதத்துக்கு வரிசை. என் கண்ணில் நீர் வராதது, வெறும் வயிறு என்பதால்தான்.

உள்ளே நாற்காலி போதவில்லை. திரை திறந்தது, வழக்கம்போல இடது பக்கம் முதலில், கொஞ்சம் கழித்து வலது பக்கம். பட்டுப்புடவை உடுத்திப் பாடகி ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார். அவரைக் கண்டதும் கூட்டம் முழுவதும் எழுந்து நின்று கும்பிட்டது. பாடகியும் பதிலுக்குக் கும்பிட்டார். எத்தனையோ ஊரில் பாடியிருக்கிறேன், இப்படி ஒரு மரியாதையைக் கண்டதில்லை என்று மைக்கில் சொன்னார். கூட்டம் உட்கார்ந்தது.

முதல் பாட்டாக அவர் ஒரு வர்ணத்தை எடுத்தார். அந்த அமைதியை நான் எந்த சபாவிலும் கேட்டதில்லை. இருமல் இல்லை, செல்போன் இல்லை, பக்கத்து ஆளிடம் ராகம் விசாரிக்கும் முணுமுணுப்பு இல்லை. எல்லாரும் பாடகியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆணையர் என் கையைப் பிடித்து அழுத்தினார். நகர்மன்றத்துக்கு அரங்கத்தால் என்ன பயன் என்று கேட்ட உறுப்பினர்களுக்கெல்லாம் அவர் மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

வர்ணம் முடிந்தது. யாரும் கை தட்டவில்லை. முதல் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும் விவசாயி. தோளில் இருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மேடைப் படியேறி, மடித்த ஒரு காகிதத்தைப் பாடகியின் முன்னால் வைத்தார். பிறகு ஓரமாகக் கைகட்டி நின்றார். பாடகிக்கு இது புதிதில்லை. சபையில் உள்ளவர்கள் தங்களுக்குப் பிடித்த பாட்டைச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்புவது உண்டு. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சபைக்கும் தெரியட்டும் என்று மைக்கிலேயே உரக்கப் படித்தார்.

'பெருமதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு, எங்கள் மலை ஊரார் பணிவுடன் எழுதிக்கொண்ட மனு. எங்கள் பேருந்து முன்பு கச்சேரித் தெருவுக்கு வந்து நின்றது. இப்போது பைபாஸிலேயே இறக்கிவிடுகிறார்கள். புளி மூட்டையும் சாமை மூட்டையும் தூக்கிக்கொண்டு சந்தைக்கும் மண்டிக்கும் வர முடியவில்லை. ஆகவே சந்தை நாளிலாவது பேருந்து கச்சேரித் தெரு வழியாக வரும்படி தாங்கள் உத்தரவிட வேண்டுகிறோம்.'

பாடகி படித்து முடித்துக் கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார். வயலின்காரர் வில்லைக் கீழே வைத்தார். அதற்குள் படியில் வரிசை சேர்ந்துவிட்டது. ஒவ்வொருவராக வந்து கும்பிட்டுக் காகிதத்தை வைத்துவிட்டு இறங்கினார்கள். ஜமக்காளத்தின் மேல் மனுக்கள் குவிந்தன. பட்டா, சாதிச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை. ஒரு பெண்மணி, அடுத்த கவுண்டர் எது என்று மிருதங்கக்காரரிடம் கேட்டார்.

ஆணையர் என் கையை விட்டுவிட்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் என் 'மீண்டும்' என்ன வேலை செய்திருக்கிறது என்று எனக்கு விளங்கியது.

இருவரும் மேடைக்கு ஓடினோம். அந்த விவசாயியிடம் ஆணையர் பொறுமையாக, இது பாட்டுக் கச்சேரி, தாலுகா கச்சேரி இல்லை என்று விளக்கினார். அவர் கோபப்படவில்லை. குழம்பவும் இல்லை. எங்களைத்தான் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார்.

"கச்சேரித் தெருவுல மீண்டும் கச்சேரின்னு ஜீப்புல சொன்னாங்க சார். முன்ன கச்சேரி இருந்த அதே எடம். திங்கக்கெழம, மனு குடுக்கற நாளு. காலைல பத்து மணி, ஆபீசு தொறக்கற நேரம். வேற இன்னான்னு நெனைக்கறது? அனுமதி இலவசம்னு சொன்னப்ப மட்டும் எங்க வூட்ல சந்தேகப்பட்டாங்க. கச்சேரிக்கு உள்ள போவ யாரும் காசு கேக்கமாட்டாங்களே, உள்ள போன பின்னாடிதானே கேப்பாங்கன்னு."

எனக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. அந்த அம்மா பாட ஆரம்பித்தபோதே தெரிந்திருக்குமே, ஏன் எழுந்திருக்கவில்லை என்று கேட்டேன்.

"அவங்க சொன்னது ஒண்ணும் வெளங்கல. பெரிய அதிகாரிங்க பேசனா வெளங்காது சார். கம்முனு குந்தியிருந்தா கடைசில மனு வாங்கிக்குவாங்க."

பாடியது தெலுங்கு வர்ணம். எனக்கும்தான் விளங்கவில்லை. நானும் கம்முனு குந்தியிருந்தேன். தலையை வேறு ஆட்டினேன்.

பைபாஸ் அலுவலகத்தில் அன்று மனு கொடுக்க ஆளே இல்லாமல் தாசில்தார் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தாராம். ஆணையர் தொலைபேசியில் கூப்பிட்டதும் ஜீப்பில் வந்துவிட்டார். மனுக்களை வாங்கிக்கொள்ள அவரும் மேடையிலேயே ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார். பாடகி நல்ல மனுஷி. வந்தது வந்தோம் என்று அடுத்த பாட்டைத் தமிழில் தொடங்கினார். ஒரு பக்கம் மனு, ஒரு பக்கம் பாட்டு. மனு கொடுத்து முடித்தவர்கள் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார்கள். கட்டாயத்தில் இல்லை, பேருந்துக்கு நேரம் இருந்தது, மெத்தையும் நன்றாக இருந்தது.

கூட்டம் கலையும்போது ஆணையர் அந்த விவசாயியைத் தனியாக நிறுத்தினார். அடுத்த மாதமும் ஒரு கச்சேரி வைத்தால் வருவீர்களா என்று கேட்டார். பாட்டுக் கச்சேரி என்று அழுத்திச் சொன்னார்.

"பஸ்ஸு இங்க வந்தா வர்றோம். இல்லன்னா பைபாஸ்ல எறங்கி, மூட்டைய தூக்கிக்கினு, பாட்டு கேக்க எவன் சார் நடப்பான்?"

கூட்டத்துக்குக் கொடுத்த டீ டம்ளர்களைப் பொறுக்க வந்த இட்லி அக்கா வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஒரு தடவை புருவத்தைத் தூக்கினார், அவ்வளவுதான். இந்த விஷயத்துக்குக் கலையரங்கம் எதற்கு, என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே என்று அதற்குப் பொருள்.

ஆணையர் பேருந்து நிர்வாகத்துக்கு எழுதினார். அங்கிருந்து, பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. அடுத்த திங்கட்கிழமை பேருந்து வரவில்லை. அதற்கடுத்த திங்களும் இல்லை. தெரு பழையபடி ஆயிற்று, எனக்கு இட்லி தாராளமாகக் கிடைத்தது. அக்கா அதைக் கவனித்தார். "இன்னும் ரெண்டு வெக்கட்டா?" என்று அவர் தானாகக் கேட்க ஆரம்பித்தபோது நிலைமை மோசம் என்று புரிந்துகொண்டேன். ஆடி முடிய இருந்தது. கிரைண்டரைக் கழுவிக் கவிழ்த்து, சாக்கு சுற்றி ஓரமாக வைத்திருந்தார். மாவை வெளியே கொடுத்து அரைத்துக்கொண்டிருந்தார்.

ஆடியின் கடைசித் திங்கட்கிழமை பைபாஸ் கடைக்காரர் அனுப்பிய ஆள் பதில் கேட்க வந்திருந்தார். அவருக்கும் அக்கா இலை போட்டார். கேள்வி கேட்க வந்தவரானாலும் சாப்பிடாமல் அனுப்ப மாட்டார். நான் அடுத்த பெஞ்சில் உட்கார்ந்து கட்டுரைக்கு விஷயம் தேடுகிறவன்போல் பாவனை செய்துகொண்டிருந்தேன். அப்போது தெருமுனையில் ஹாரன் சத்தம். குறுகலான திருப்பத்தில் முன்னும் பின்னும் போய், ஒரு ஷட்டரை உரசாமல் உரசி, மலைப் பேருந்து எங்கள் தெருவுக்குள் வந்தது. மேலே புளி மூட்டைகள். மெஸ்ஸுக்கு எதிரே, அரங்கத்து வாசலில் நின்றது.

முதலில் இறங்கியவர் அந்த விவசாயி. உத்தரவு வந்துவிட்டதா என்று எழுந்து ஓடிப்போய்க் கேட்டேன். என்னை விநோதமாகப் பார்த்தார். உத்தரவுதான் அன்றைக்கே வந்துவிட்டதே என்றார். கச்சேரியில், மேடையில், மைக்கில், அந்த அம்மா எல்லாருக்கும் முன்னால் படித்தார்களே. இரண்டு வாரம் டிரைவர் கேட்கவில்லை. இந்த வாரம் வண்டியில் இருந்த அத்தனை பேரும், பைபாஸில் இறங்க மாட்டோம், கச்சேரியில் உத்தரவு வாசித்தாயிற்று, நாங்களே காதால் கேட்டோம் என்று சாட்சி சொல்லியிருக்கிறார்கள். நடத்துநர் தயங்கி, எந்த அதிகாரி வாசித்தார் என்று கேட்டிருக்கிறார். "பேரு தெரியாது. பட்டுப்பொடவ கட்டிக்கினு இருந்தாங்க, தாசில்தார் அவங்களுக்கு ஓரமா குந்திக்கினு இருந்தாரு" என்று பதில் வந்திருக்கிறது. தாசில்தாரே ஓரமாக உட்காரும் அளவுக்குப் பெரிய அதிகாரி. நடத்துநர் அதற்குமேல் விசாரிக்கவில்லை.

திரும்பி வந்தபோது மெஸ்ஸில் பெஞ்சு நிறைந்துவிட்டது. என் இடத்தில் ஒரு புளி மூட்டை உட்கார்ந்திருந்தது. பைபாஸ் ஆள் கையைக் கழுவிவிட்டு, அக்கா, பதில் என்று நினைவூட்டினார். அக்கா இட்லித் தட்டைத் தூக்கியபடியே, அவர் பக்கம் திரும்பாமல் சொன்னார்:

"ஊர் கச்சேரியே இங்க வந்துட்ச்சி, நான் எங்க போறது? வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு தம்பி. போறப்ப அந்த கிரைண்டர கொஞ்சம் நிமுத்தி வெச்சிட்டுப் போ."

பேருந்துக்கு எழுத்துமூலமான உத்தரவு பின்னால் வந்தது. பேருந்து ஏற்கெனவே வந்துகொண்டிருப்பதால் ஆட்சேபணை இல்லை என்கிற தினுசில் இருந்தது. பூட்டியிருந்த கடைகளில் சில திறந்திருக்கின்றன. ஒன்று ஜெராக்ஸ், ஒன்று செல்போன் கவர், ஒன்று இன்னும் என்ன விற்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறது. அரங்கத்தில் மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் பாட்டு நடக்கிறது. மலை ஜனங்கள் மண்டி வேலை முடிந்து வந்து உட்காருகிறார்கள். தெலுங்கில் பாடினால் ஒரு சிலர் இன்னும் எழுந்து நிற்கிறார்கள். கலையின் வழியே கடைவீதி மறுமலர்ச்சி என்று நகராட்சி ஆண்டறிக்கைக்கு ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். 'மீண்டும்' என்ற சொல்லை எங்கும் போடவில்லை.

திங்கட்கிழமைகளில் மட்டும் எனக்கு மெஸ்ஸில் இட்லி கிடைப்பதில்லை. பேருந்து வருவதற்கு முன்பே போனாலும், அதெல்லாம் மலைக்காரங்களுக்கு எடுத்து வெச்சது சார், நாளைக்கு வாங்க என்று அக்கா அனுப்பிவிடுகிறார். குழு உறுப்பினர் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அப்படியானால் அரங்கத்தில் போய்க் கேளுங்க என்றார். திங்கட்கிழமை காலையில் எங்கள் வீட்டில் உப்புமா.